தொட்டியில் கம்பி தெரிகிறது: துருப்பிடித்த குடிநீர்த் தொட்டியைச் சீரமைப்பது பற்றி ஓர் எளிய விளக்கம்

கும்பகோணத்திலிருந்து தென்கிழக்கே வேதாரண்யம் வரை போனால், கோபுரத்துக்கு அடுத்தபடி ஊருக்கு ஊர் உயர்ந்து நிற்பது குடிநீர்த் தொட்டிதான். மேலே கொள்ளளவு, கட்டிய ஆண்டு, கடைசியாகச் சுத்தம் செய்த நாள் எல்லாம் பெயிண்டில் எழுதியிருக்கும். பல ஊர்களில் அந்த எழுத்துக்குக் கீழேயே காரை பெயர்ந்து, பழுப்பேறிய கம்பி விலா எலும்பு போலத் தெரியும்.

அதைப் பற்றிப் பேச்சு வந்தால் மூன்று விதமாகச் சொல்வார்கள். "உப்புக்காத்து, அதான் சிமெண்டு அரிச்சிடுச்சு." "கொத்தனாரை விட்டுப் பூசிட்டு, ரெண்டு கோட்டு பெயிண்டு அடிச்சா சரியாயிடும்." "தண்ணி ஒழுகலையே, அப்புறம் என்ன?" இந்த மூன்றிலும் தவறு இருக்கிறது. அந்தத் தவறால்தான் ஒரே தொட்டிக்கு மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பொதுப்பணம் போகிறது, தொட்டியோ மேலும் மேலும் பலவீனமாகிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், நகராட்சியிலோ கிராம சபையிலோ நாம் கேட்கும் கேள்வியே மாறிவிடும்.

கான்கிரீட்டுக்குள் கம்பி எதற்கு?

ஒரு லட்சம் லிட்டர் தண்ணீரின் எடை நூறு டன். அது கீழ்நோக்கி அழுத்துவதோடு சுவரை வெளிப்பக்கமாகவும் தள்ளுகிறது. கான்கிரீட் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும். இழுத்தால் தாங்காது; அதன் இழுவிசை வலிமை அமுக்க வலிமையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். அந்தக் குறையை ஈடுகட்டவே உள்ளே இரும்புக் கம்பி. வட்டத் தொட்டியின் சுவரைச் சுற்றி வளையம் வளையமாக ஓடும் கம்பிதான் தண்ணீரின் தள்ளலை உண்மையில் பிடித்து நிற்கிறது.

அப்படியானால் கம்பி மெலிவது என்பது தொட்டியின் பலம் குறைவது. இதை ஒரு கணக்கில் பார்க்கலாம். 12 மில்லிமீட்டர் கம்பி துருப்பிடித்து 10 மில்லிமீட்டர் ஆனால், "ரெண்டு மில்லிதானே" என்று தோன்றும். ஆனால் கம்பியின் வலிமை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. 144-க்கு 100 என்ற கணக்கில், பரப்பில் முப்பது விழுக்காடு போய்விட்டது.

சுவரில் முளைத்த அரசங்கன்று

கோயில் மதிலின் இடுக்கில் அரசங்கன்று முளைப்பதை நம் பக்கத்தில் பார்க்காதவர் இல்லை. காக்கை எச்சத்தில் விழுந்த விதை உள்ளே வேர் விடுகிறது. வேர் பருக்கப் பருக்க, கல்லே பிளக்கிறது. விரிசல் தெரிந்ததும் மேலே சுண்ணாம்பு பூசினால் ஓராண்டுக்கு ஒன்றும் தெரியாது. வேர் உள்ளேதான் இருக்கிறது, மறுபடி பிளக்கும்.

தொட்டியில் அந்த வேரின் வேலையைச் செய்வது துரு. இரும்பும் ஆக்சிஜனும் ஈரமும் சேர்ந்து உண்டாகும் துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் பிடிக்கும். கம்பியைச் சுற்றி இறுகிப்போன கான்கிரீட்டில் அதற்கு இடம் இல்லை. எனவே உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. முதலில் கம்பி ஓடும் திசையிலேயே ஒரு நேர்க்கோட்டு விரிசல். பிறகு அந்த விரிசல் வழியே ஈரமும் காற்றும் தாராளமாகப் போக, துரு வேகமெடுக்கும். கடைசியில் மேல்படலம் தகடு தகடாகப் பெயர்ந்து விழும். நாம் பார்ப்பது இந்தக் கடைசிக் கட்டத்தை. கோளாறு பல ஆண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

நல்ல கான்கிரீட்டில் கம்பி ஏன் துருப்பிடிப்பதில்லை?

கான்கிரீட் நீர் புகாத பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். அது நுண்துளைகள் நிறைந்தது. ஈரமும் காற்றும் மெல்ல மெல்ல உள்ளே போகத்தான் செய்யும். அப்படியும் கம்பி ஐம்பது ஆண்டு பளபளப்பாக இருக்கக் காரணம், சிமெண்டின் காரத்தன்மை. சிமெண்ட் தண்ணீரோடு வினைபுரிந்து இறுகும்போது சுண்ணாம்புச் சத்து உண்டாகிறது. அதனால் நுண்துளை நீரின் பி.எச். 12.5 முதல் 13 வரை இருக்கும். (பி.எச். என்பது ஒரு நீர்மம் எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம் என்பதற்கான அளவு. 7 என்றால் இரண்டும் இல்லை, அதற்கு மேல் போகப் போகக் காரம்.) இந்தக் கடுங்காரத்தில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று உருவாகி ஒட்டிக்கொள்கிறது. இதைக் காப்புப் படலம் என்று வைத்துக்கொள்வோம். அது இருக்கும்வரை துரு இல்லை.

கம்பிக்கும் கான்கிரீட்டின் வெளிப்பரப்புக்கும் நடுவே உள்ள கனத்தைக் கட்டடத் தொழிலில் 'கவர்' என்பார்கள். கடுமையான சூழலுக்கு இந்திய தர நிர்ணயமான ஐ.எஸ். 456 கேட்கும் கவர் 45 மில்லிமீட்டர். தண்ணீர்த் தொட்டிகளுக்கென்றே ஐ.எஸ். 3370 என்று தனித் தர நிர்ணயமும் உண்டு. ஆனால் இந்த இடைவெளியை உறுதிசெய்யும் சிறு கட்டையான கவர் பிளாக்கை வைக்காமல், கம்பிக்கு அடியில் ஒரு ஜல்லியைச் செருகிவிட்டுக் கான்கிரீட் போட்ட தொட்டிகளும் இருக்கின்றன. பெயர்ந்த இடத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் பார்த்தால், கம்பிக்கு மேல் 10 மில்லிமீட்டர்கூட இல்லாததைக் காணலாம்.

காப்புப் படலத்தைக் குலைப்பவை இரண்டு

ஒன்று, நாம் மூச்சுவிடும் காற்றிலேயே இருக்கும் கரியமில வாயு. அது நுண்துளைகள் வழியே புகுந்து சுண்ணாம்போடு வினைபுரிந்து, காரத்தைத் தணித்துவிடுகிறது. இதன் பெயர் கார்பனேற்றம். கார்பனேற்றம் முடிந்த இடத்தில் பி.எச். 9-க்கும் கீழே போய்விடும். காப்புப் படலம் கரையும். இந்த மாற்றம் வெளியிலிருந்து உள்நோக்கி ஒரு முகப்பு போல நகர்கிறது. ஆழம் கூடக் கூட வேகம் குறையும். கவரை இரு மடங்காக்கினால் கம்பியை எட்ட ஏறக்குறைய நான்கு மடங்கு காலம் ஆகும். கட்டும்போது 20 மில்லிமீட்டர் மிச்சம் பிடித்ததன் விலை அவ்வளவு.

இன்னொன்று, உப்பில் இருக்கும் குளோரைடு. இங்கேதான் 'உப்புக்காத்து சிமெண்டை அரிச்சிடுச்சு' என்ற பேச்சைத் திருத்த வேண்டும். குளோரைடு கான்கிரீட்டுக்குப் பெரிய தீங்கு செய்வதில்லை. அது ஊறிப் போய்க் கம்பியை எட்டியதும், காரம் குறையாமல் இருந்தாலும்கூட, காப்புப் படலத்தை அங்கங்கே ஊசி குத்தியது போல ஓட்டை போடுகிறது. அந்தச் சிறு குழிகளில் இரும்பு ஆழமாகக் கரையும். போதாக்குறைக்கு, இந்த வேலையில் குளோரைடு செலவாவதும் இல்லை; அதே குளோரைடு திரும்பத் திரும்ப வேலை செய்யும்.

டெல்டாவின் கடைமடையில் குளோரைடு வர இரண்டு வழி உண்டு. வேதாரண்யம், நாகப்பட்டினம், தரங்கம்பாடிப் பக்கம் கடற்காற்று கொண்டுவந்து படிய வைப்பது ஒன்று. அதைவிட மோசமானது, கட்டும்போதே உள்ளே போவது. ஐ.எஸ். 456 கணக்கில், கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது. கடல்நீரில் ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் இருக்கிறது. கடலோர ஊர்களின் உவர்ப்புப் போர்த் தண்ணீர் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கேயும் இருக்கலாம். குடிக்க முடியவில்லை என்பதற்காகக் கொள்ளிடத்துப் படுகையிலிருந்து குழாய் போட்டுக் கூட்டுக்குடிநீர் கொண்டுவரும் ஊரில், அந்த நீரைத் தேக்கும் தொட்டியையே அந்த உவர்த்தண்ணீரில் கலந்து கட்டினால், உள்ளே வியாதியோடு பிறந்த தொட்டி அது.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: கம்பியைக் காப்பது சிமெண்டின் காரம். கரியமில வாயு அந்தக் காரத்தைத் தணிக்கிறது. குளோரைடு காரத்தை மீறிக் காப்புப் படலத்தைத் துளைக்கிறது. படலம் போனதும் ஈரமும் ஆக்சிஜனும் கிடைத்தால் துரு உண்டாகும், துரு உப்பும், கான்கிரீட் பிளக்கும்.

தண்ணீருக்குள் இருக்கும் பகுதியா முதலில் கெடும்?

எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். இல்லை. எப்போதும் நீரில் மூழ்கியிருக்கும் கான்கிரீட்டில் நுண்துளைகள் தண்ணீரால் நிறைந்துவிடுகின்றன. நீருக்குள் ஆக்சிஜன் மிக மெதுவாகத்தான் பயணிக்கும். ஆக்சிஜன் இல்லாமல் துரு வேகம் பிடிக்காது.

ஈரமும் காற்றும் மாறி மாறிக் கிடைக்கும் இடமே ஆபத்தான இடம். அப்படிப் பார்த்தால் தொட்டியில் மிக மோசமான இடம் மூடியின் அடிப்பக்கம். ஆள் இறங்கும் வாயிலைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சித்திரை வெயில் மேலே காய்கிறது, கீழே தண்ணீர் ஆவியாகி மூடியின் உள்பரப்பில் முத்து முத்தாகப் படிந்து சொட்டுகிறது. தண்ணீர் மட்டத்துக்கு மேலே தேங்கும் காற்றில், பிளீச்சிங் பவுடரிலிருந்து வரும் குளோரினும் கலந்திருக்கிறது. ஈரம், ஆக்சிஜன், குளோரின் மூன்றும் ஒன்றாக வேலை செய்யும் இடம் அது. ஆனால் கீழே நின்று பார்க்கும் நமக்கு அந்தப் பக்கம் தெரிவதே இல்லை. வெளியே புதுப் பெயிண்டோடு அழகாக இருக்கும் தொட்டியின் மூடி உள்ளே பிளந்து, துண்டு துண்டாகக் குடிநீரில் விழுந்துகொண்டிருக்கலாம். 'ஒழுகவில்லையே' என்ற சமாதானம் இங்கே செல்லாது, மூடி ஒழுகாது.

அடுத்து, தினமும் நீர் ஏறி இறங்கும் மட்டம். அதன்பின் வெளியே தூண்களும், தூண்களை இணைக்கும் குறுக்கு உத்தரங்களின் அடிப்பக்கமும். அடிப்பக்கத்தில் கம்பி அதிகம், கவர் குறைவு, மழை ஈரம் அங்கேதான் தொங்கி நிற்கும். தொட்டியைத் தாங்குவது தூண்கள் என்பதால், என் பார்வையில் தூணில் வரும் ஒரு நேர்க்கோட்டு விரிசல், சுவரில் வரும் பத்துக் கசிவைவிடக் கவலைக்குரியது.

குழாயில் பழுப்புத் தண்ணீர் வந்தால் "தொட்டி துருப்பிடித்துவிட்டது" என்று சொல்வதும் பெரும்பாலும் சரியல்ல. நிலத்தடி நீரில் கரைந்துவரும் இரும்புச்சத்து, காற்றுப் பட்டதும் பழுப்பாகிப் படியும். பழைய இரும்புக் குழாயும் காரணமாக இருக்கலாம்.

தொட்டியைப் படிப்பது எப்படி?

கீழே நின்றே சிலவற்றைக் கண்டுகொள்ளலாம். வலை வலையாக இருக்கும் மயிரிழை விரிசல், பூச்சு காய்ந்ததால் வந்ததாக இருக்கலாம். கம்பி போகும் வழியில் நேராக ஓடி, ஓரத்தில் பழுப்புக் கறை வடியும் விரிசல் என்றால் உள்ளே துரு. வெள்ளைக் கோடாக வழிந்து இறுகியிருந்தால், தண்ணீர் கசிந்து சிமெண்டின் சுண்ணாம்பைக் கரைத்து வெளியே கொண்டுவருகிறது என்று பொருள்.

மேலே ஏறிச் செய்யும் சோதனை பொறியாளரின் வேலை. சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தால், திடமான இடத்தில் கணீரென்று ஒலிக்கும். உள்ளே பிரிந்துபோன இடத்தில் 'பொத்' என்று பொள்ளலாகக் கேட்கும். புதிதாக உடைத்த முகத்தில் பீனால்ப்தலீன் கரைசலைத் தெளிப்பார்கள், பள்ளி ஆய்வகத்தில் பார்த்த அதே பீனால்ப்தலீன். காரம் இருக்கும் பகுதி அடர் இளஞ்சிவப்பாகும், கார்பனேற்றம் ஆன பகுதி நிறம் மாறாமல் சாம்பலாகவே நிற்கும். அந்த எல்லை கம்பியைத் தாண்டிவிட்டதா என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். குளோரைடுக்குக் கான்கிரீட் பொடியை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். நமக்கு இதில் தொலைவும் இல்லை: கம்பி அரிப்பை நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் பக்கத்துக் காரைக்குடியில்தான் இருக்கிறது.

தூண்களின் வலிமையே போய்விட்டது, கம்பி பாதி கரைந்துவிட்டது என்று இந்தச் சோதனைகள் காட்டினால், சீரமைப்புக்குச் செலவழிப்பது வீண். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதே நேர்மையான முடிவு.

பூசி மெழுகினால் ஏன் நிற்பதில்லை?

பெயர்ந்த இடத்தைத் தட்டிவிட்டு, கம்பியின் முகத்தில் மட்டும் சிமெண்ட் பால் அடித்து, மேலே கலவை பூசும் வேலை பெரும்பாலும் இரண்டு மழைக்காலம் தாங்குவதில்லை. கம்பியின் பின்பக்கத் துரு அப்படியே இருப்பதும், கலவை பழைய கான்கிரீட்டோடு ஒட்டாமல் போவதும் தெரிந்த காரணங்கள். தெரியாத காரணம் ஒன்று உண்டு.

துரு என்பது ஒரு சிறு மின்கலத்தின் வேலை. ஒரே கம்பியில் ஓரிடம் கரைகிறது. அதை ஆனோடு என்பார்கள். அங்கிருந்து வரும் மின்னோட்டத்தை வாங்கிக்கொள்ளும் பக்கத்துப் பகுதி கேதோடு, அது கரையாது. அதாவது, கரைகிற இடம் தன் அக்கம்பக்கத்தை ஓரளவு காப்பாற்றிக்கொண்டிருந்தது. இப்போது கரைந்த இடத்தில் மட்டும் புதிய, காரம் மிகுந்த கலவையை வைத்து அடைக்கிறோம். அந்த இடம் தேறிவிடுகிறது. ஆனால் ஒட்டுக்கு வெளியே, உப்பு ஊறிய பழைய கான்கிரீட்டில் இருக்கும் கம்பி இப்போது ஆனோடாக மாறிக் கரையத் தொடங்கும். ஒட்டுப்போட்ட இடம் அப்படியே நிற்க, அதன் விளிம்பைச் சுற்றி வளையமாகப் புதுப் பெயர்ச்சி வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஒப்பந்தக்காரர் எவ்வளவு நேர்மையாகப் பூசியிருந்தாலும் இது நடக்கும்.

சரியான சீரமைப்பு

முதலில் தொட்டியை வடித்து, தேவைப்பட்டால் முட்டுக் கொடுத்து, சாரம் கட்ட வேண்டும். பொள்ளலாக ஒலிக்கும் கான்கிரீட் முழுவதையும் கொத்தி எடுக்க வேண்டும். துருப்பிடித்த கம்பிக்குப் பின்னாலும் விரல் நுழையும் அளவு இடைவெளி வரும்வரை கொத்துவதுதான் இதில் உயிர்நாடி. 20 மில்லிமீட்டராவது வேண்டும். கம்பி துருப்பிடிக்காத பகுதி தெரியும்வரை நீளவாக்கிலும் கொத்திப் போக வேண்டும். மணல் பீய்ச்சியோ கம்பி பிரஷ் இயந்திரத்தாலோ கம்பியைச் சுற்றிலும் வெள்ளிநிறம் தெரியச் சுத்தம் செய்து, உப்பு ஊறிய இடமென்றால் நல்ல தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவ வேண்டும். மெலிந்துபோன கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி சேர்ப்பது பொறியாளர் கணக்கிட்டுச் சொல்ல வேண்டியது.

பிறகு கம்பிக்குத் துத்தநாகம் கலந்த முதற்பூச்சோ துரு தடுக்கும் சிமெண்ட் பூச்சோ அடிக்கிறார்கள். ஒட்டின் விளிம்பில் கம்பி கரையும் சிக்கலுக்கு ஒரு மருந்து, சிறு துத்தநாகக் கட்டிகளைக் கம்பியோடு கட்டிவிடுவது. இரும்பைவிட எளிதில் கரையும் துத்தநாகம், தானே ஆனோடாகிக் கரைந்து கம்பியைக் காக்கும். கடலோர ஊர்களின் தொட்டிகளுக்கு இது ஆடம்பரம் என்று நான் நினைக்கவில்லை.

அதன்மேல் பழையதும் புதியதும் ஒட்டுவதற்கான இணைப்புப் பூச்சு. அது காய்வதற்கு முன்பே பாலிமர் (பிசின் போன்ற செயற்கைப் பொருள்) கலந்த கலவை. ஆழமான இடங்களில் பலகை அடைத்து, தானே பரவி நிரம்பும் மைக்ரோ கான்கிரீட் ஊற்றுவார்கள். கடைசியில் கியூரிங், அதாவது கலவை இறுகும்வரை ஈரம் காப்பது. உயரத்தில் காற்றும் வெயிலும் கடுமை. ஈரச்சாக்கு அரை நாளில் காய்ந்துவிடும். நல்ல பொருளை வாங்கிக் கியூரிங்கில் கோட்டைவிட்ட வேலைகள் நிறைய.

உள்ளே ஒரு பூச்சு, வெளியே வேறு பூச்சு

இரண்டு பக்கமும் ஒரே பெயிண்டை அடிப்பது தவறு. இரண்டுக்கும் வேலை வேறு. உள்பூச்சு தண்ணீரைத் தடுக்க வேண்டும், குடிநீருக்குள் எதையும் கசிய விடவும் கூடாது. இதற்குக் குடிநீருக்கு ஏற்றதெனச் சான்று பெற்ற எபாக்சி (இரண்டு பாகம் கலந்து இறுகும் பிசின் பூச்சு) அல்லது பாலிமர் சிமெண்ட் பூச்சு. மைசூருவில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் சான்று இருக்கிறதா என்று கேட்பது வழக்கம். கழிவுநீர்த் தொட்டிக்கு அடிக்கும் தார் கலந்த எபாக்சிக்குக் குடிநீர்த் தொட்டிக்குள் இடமில்லை. மூடியின் அடிப்பக்கத்துக்கும் உள்பூச்சு அடிக்க வேண்டும். மிகவும் தேவையான இடமே அதுதான், விட்டுப்போவதும் அதுதான்.

வெளிப்பூச்சு மழையையும் கரியமில வாயுவையும் தடுத்து, உள்ளிருக்கும் ஈரத்தை ஆவியாக வெளியே விட வேண்டும். ஆவியை விடாத பெயிண்டை அடித்தால் ஈரம் பின்னாலிருந்து தள்ளிக் கொப்புளம் போடும்.

எபாக்சி என்பது பிசினும் கெட்டிப்படுத்தியும் தனித்தனி டப்பாவில் வரும் பொருள். இரண்டையும் சொன்ன விகிதத்தில் கலந்தால்தான் இறுகும். கண்ணளவில் கலந்தால் பிசுபிசுப்பாகவே நிற்கும். வெயில் ஏறினால் கலந்த பக்கெட்டிலேயே இறுகிவிடும் என்பதால் சிறிது சிறிதாகக் கலக்க வேண்டும். அடிக்கும் பரப்பு காய்ந்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு: ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுப் பிரித்தால் அடியில் வியர்வை இருக்கக் கூடாது. இருந்தால் வேலையைத் தள்ளிப்போட வேண்டும். உள்ளே வேலை செய்பவர்களுக்குக் காற்றோட்ட விசிறியும் மேலே ஒரு காவலாளும் இல்லாமல் யாரையும் இறக்கக் கூடாது. மூடிய தொட்டியில் பூச்சின் ஆவி உயிரைப் பறிக்கும்.

எப்போது செய்வது?

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எபாக்சி வேலை நடக்காது. கோடையில் பரப்பு நன்றாகக் காயும், ஆனால் தண்ணீர்த் தேவை உச்சத்தில் இருக்கும். மழை முடிந்து பனியும் விலகிய மாசி, பங்குனி டெல்டாவுக்குத் தோதான காலம். அந்த வாரங்களில் தண்ணீர் எப்படி வரும், தற்காலிக சின்டெக்ஸ் தொட்டியா, லாரியா, குழாயில் நேரடி ஏற்றமா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால், "எப்ப சார் தண்ணி விடுவீங்க?" என்ற நெருக்கடியில் பூச்சு இறுகுவதற்குள் தொட்டியை நிரப்பிவிடுவார்கள். தயாரிப்பாளர் சொல்லும் இறுகும் காலம், பல பூச்சுகளுக்கு ஏழு நாள், முழுவதும் கழிய வேண்டும். பிறகு கழுவி, குளோரின் கரைசலால் கிருமி நீக்கி, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு, ஆய்வகச் சோதனை வந்த பின்பே விநியோகம்.

அதற்குப் பின் தொட்டியைப் பார்த்துக்கொள்வது டேங்க் ஆபரேட்டரின் கையில் இருக்கிறது. எபாக்சி அடித்த உள்சுவரைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கக் கூடாது. நைலான் பிரஷ் போதும். பிளீச்சிங் பவுடரை அப்படியே தொட்டிக்குள் கொட்டினால், அடியில் படிந்து ஓரிடத்தில் பூச்சைத் தின்னும். பக்கெட்டில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருந்தால் போதும் என்பதே குடிநீருக்கான தர நிர்ணயமான ஐ.எஸ். 10500 சொல்லும் அளவு. சுத்தம் செய்ய இறங்கும் ஒவ்வொரு முறையும் டார்ச்சை மேல்நோக்கித் திருப்பி மூடியின் அடிப்பக்கத்தைப் பார்த்து, கண்டதைச் சுத்தம் செய்த நாளோடு சேர்த்துப் பதிவேட்டில் எழுதிவைத்தால், அடுத்த விரிசல் விரல்கனம் ஆவதற்கு முன்பே பிடிபட்டுவிடும்.